மகளுக்கு வலிப்பு வருமுன்பே எங்கள் நாய் அறிந்துகொள்கிறதா?

செம்பூர்த் தாய் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது 19 வயது. 11 வயதில், பள்ளியில் காலை வழிபாட்டுக்காக வரிசையில் நின்றபோது முதல் வலிப்பு வந்தது. லெவெடிராசிட்டம், லாமோட்ரிஜின் என்ற இரண்டு மாத்திரைகளையும் வேளை தவறாமல் எடுத்துக்கொண்டும், மாதத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை உடல் விறைத்து, கைகால் வெட்டி இழுத்து, நினைவு தப்புகிற பெருவலிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் விடியற்காலையிலோ, கல்லூரியிலிருந்து களைத்துத் திரும்பிய மாலைப் பொழுதிலோ வரும்.

எங்கள் வீட்டில் கருப்பன் என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜூலை மாதப் பெருமழையில் எங்கள் கட்டடத்து மீட்டர் அறைக்குள் ஒதுங்கிக் கிடந்த குட்டியை என் மகள்தான் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். கடந்த எட்டு மாதங்களாக அவனிடம் ஒன்றைக் கவனித்து வருகிறேன். சமையலறை வாசலில் என் காலடியில் படுத்திருப்பவன் திடீரென எழுந்து, அவள் எங்கே இருந்தாலும் தேடிப் போய், அவள் முழங்காலில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிறான். கூப்பிட்டால் வருவதில்லை, தயிர்ச்சோற்றுக் கிண்ணத்தைக் காட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன்பின் பத்து நிமிடத்திலோ இருபது நிமிடத்திலோ அவளுக்கு வலிப்பு வந்துவிடுகிறது. ஐந்தாறு முறையாவது இப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். என் கணவர் இதைத் தற்செயல் என்கிறார்.

நான் இங்கே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மும்பைப் புறநகர் இரயிலில் செம்பூரில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, மாட்டுங்காவில் இறங்கிக் கல்லூரி வாசலை அடையும் வரை இன்றும் நான்தான் அவளுடன் செல்கிறேன். இரவில் அவள் அறைக் கதவைத் திறந்து வைத்து, அதன் எதிரே ஹாலில் படுத்துக்கொள்கிறேன். தனக்கென்று ஒரு மூடிய கதவு வேண்டும் என்று சென்ற மாதம் அவள் அழுதுகொண்டே கேட்டாள். கருப்பன் உள்ளே இருந்தால் போதாதா என்றும் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில், நாய்களைப் பயிற்றுவிக்கும் ஒருவர் மூன்றே மாதத்தில் கருப்பனை வலிப்பை முன்னறிவிக்கும் நாயாக்கிச் சான்றிதழும் தருவதாகச் சொல்லி மூன்றரை இலட்சம் ரூபாய் கேட்கிறார். நகையை அடகு வைத்தாவது கொடுத்துவிடலாமா என்று எண்ணுகிறேன். இது உண்மையில் நடக்கக்கூடியதா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

இ.இ.ஜி. அறைப் பணியாளர் எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. மும்பையில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் 18 ஆண்டுகளாக இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டப் பதிவு) எடுத்து வருகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்து பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். நாய்களைப் பற்றி எங்கள் அறைக்கு வரும் குடும்பத்தினர் பலர் இதே போலச் சொல்லக் கேட்டு, பல ஆண்டுகளாகத் தேடிப் படித்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வலிப்பு வந்தபின் குரைத்து ஆளைக் கூப்பிடுவது, பொத்தானை அழுத்துவது, விழுந்தவரின் அருகிலேயே படுத்திருப்பது ஆகியவை ஒரு வகை. இவற்றைப் பழக்க முடியும், வெளிநாடுகளில் பல ஆண்டுகளாகப் பழக்கியும் வருகிறார்கள். வலிப்பு வருமுன்பே எச்சரிப்பது முற்றிலும் வேறு வகை. அது சில நாய்களிடம் தானாகவே தோன்றுகிறது. எந்த நாயிடம் தோன்றும் என்று முன்கூட்டிச் சொல்லவோ, இல்லாத நாயிடம் உறுதியாக உண்டாக்கவோ முடிவதில்லை. உங்களிடம் பணம் கேட்பவர் விற்பது இந்த இரண்டாவதை.

நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களைக் கேட்டுக் கனடாவில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நாய் வளர்த்த குடும்பங்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தங்கள் நாய் வலிப்பின்போது தனிவிதமாக நடந்துகொள்வதாகவும், ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் அது முன்கூட்டியே அறிவதாகவும் கூறினர். அவை எவரும் பயிற்றுவிக்காத வீட்டு நாய்கள். ஆயினும் அது குடும்பத்தார் நினைவிலிருந்து சொன்னது என்பதை மறக்கக் கூடாது.

வாசனை பற்றிய சான்று இதைவிட வலுவானது. பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நோயாளிகளின் மூச்சையும் வியர்வையையும் வலிப்பின்போதும், அமைதியான வேளையிலும், உடற்பயிற்சிக்குப் பின்னும் தனித்தனியே சேகரித்து, பயிற்சி பெற்ற ஐந்து நாய்களிடம் காட்டினார்கள். மூன்று நாய்கள் வலிப்பு வாசனையை ஒருமுறையும் தவறவிடவில்லை. மற்ற இரண்டு மூன்றில் இரண்டு பங்கு சரியாகக் கண்டுபிடித்தன. ஆளுக்கு ஆள் உடல் வாடை வேறுபட்டாலும் வலிப்புக்கென்று பொதுவான ஒரு வாசனை இருக்கிறது என்பதை அது காட்டியது. ஆனால் அந்த மாதிரிகள் வலிப்பை ஒட்டி எடுக்கப்பட்டவை. பத்து நிமிடம் முன்னதாக எடுக்கப்பட்டவை அல்ல. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஆய்வில், வலிப்பு நோயுள்ள எவருடனும் பழகாத 19 வீட்டு நாய்களை வைத்துப் பார்த்தபோது, வலிப்புக்கு முந்தைய வியர்வை வாசனைக்கும் அவை தனியாக எதிர்வினை காட்டின. எனவே கருப்பனின் மூக்கு எதையோ உணர்கிறது என்பது நம்பத் தகாத செய்தி அல்ல.

இன்னொரு வாய்ப்பையும் நினைத்துப் பாருங்கள். பல பெருவலிப்புகள் மூளையின் ஏதோ ஒரு மூலையில் சிறிய அளவில் தொடங்கி, பிறகுதான் முழு மூளைக்கும் பரவுகின்றன. அந்தச் சிறு தொடக்கத்தில் நோயாளி வெறித்துப் பார்க்கலாம், எச்சில் விழுங்கலாம், விரல்களைத் தேய்க்கலாம். நோயாளிக்கும் தெரியாது, வீட்டாரும் கவனிக்க மாட்டார்கள். நாளெல்லாம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய் கவனித்துவிடக்கூடும். இ.இ.ஜி. அறையில் நானே காணொளியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும்போதுதான் பல முறை அந்தத் தொடக்கம் கண்ணில் பட்டிருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் காணொளியுடன் கூடிய இ.இ.ஜி. பற்றிக் கேளுங்கள். அதற்கு வேறொரு பயனும் உண்டு. நாய் முன்னெச்சரிக்கை தருகிறது என்று சொன்னவர்களுள் சிலருக்கு வந்தவை மனநெருக்கடியால் வரும் வலிப்புகளே தவிர மூளை மின்னோட்டக் கோளாறால் வருபவை அல்ல என்று 2007-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதுவும் உண்மையான துன்பம்தான். ஆனால் சிகிச்சை வேறு.

கடைசியாக ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, கருப்பன் தலையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நேரத்தோடு எழுதுங்கள், பின்னால் வலிப்பு வந்தாலும் வராவிட்டாலும். வந்த நாள்களை நாம் மறப்பதில்லை. தலையை வைத்துவிட்டுச் சும்மா போன நாள்களைத்தான் மறந்துவிடுகிறோம். அந்த எண் தெரியும் வரை ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

முலுண்ட் வாசி எழுதுகிறார்:

அக்கா, எனக்கு 41 வயது. 14 வயதிலிருந்து வலிப்பு நோயோடு வாழ்கிறேன். என் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறாள், பெயர் செல்லி. அவள் முன்கூட்டி எதையும் சொன்னதில்லை. நான் விழுந்தபின் என் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துக்கொள்வாள். கண் விழிக்கும்போது எங்கே இருக்கிறேன், என்ன நாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தச் சூடு மட்டும் தெரியும். அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லில் அடக்க முடியாது.

ஆனால் ஒரு நாள் நடந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். மாடிப்படி நடையில் நான் விழுந்துகிடந்தபோது உதவிக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரரைச் செல்லி அருகில் விடவில்லை. பல்லைக் காட்டி உறுமிக்கொண்டே நின்றிருக்கிறாள். பாவம், அவர் கைத்தடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் வலிப்பு நான்கு நிமிடத்தைத் தாண்டியிருந்தது. அதன் பிறகு மாடியில் உள்ள அனைவரையும் வீட்டுக்கு அழைத்து, செல்லிக்கு அவர்கள் கையால் பிஸ்கட் கொடுக்க வைத்து, அவர்களுக்கும் முதலுதவியைச் சொல்லிக்கொடுத்தோம்: ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது, சாவிக்கொத்தோ இரும்போ தேட வேண்டாம், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் கடந்தாலோ அடுத்தடுத்து வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். உங்கள் மருத்துவர் எழுதித் தந்தால், மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தை வீட்டிலும் அவள் கைப்பையிலும் வைத்திருங்கள். கருப்பனால் அதை அடிக்க முடியாது என்பதால் மனிதர்கள் யாராவது தெரிந்து வைத்திருக்கத்தான் வேண்டும்.

கதவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது என் அம்மா நினைவுக்கு வந்தார். எனக்கு 26 வயதாகும் வரை குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட விட்டதில்லை. அவர் செய்தது சரி என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று எனக்கு மூச்சு முட்டியதும் உண்மை. இரவு நேரப் பெருவலிப்புக்கு உண்மையாகவே ஆபத்து உண்டு. வலிப்பு நோயுள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர், வேறு காரணம் எதுவும் தெரியாமல் திடீரென இறந்துபோகிறார். பெருவலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கும், இரவில் தனியாகத் தூங்குபவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். இதை எந்த மருத்துவரும் எனக்கு 35 வயது வரை சொல்லவில்லை. உங்கள் மகள் பெரியவள். அவளிடம் மறைக்காமல் பேசி, அவளையே முடிவில் பங்கெடுக்கச் செய்யுங்கள். கதவைச் சாத்தலாம், தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம் என்பது போல இருவரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஓர் இடம் இருக்கும். பெருவலிப்பின் துள்ளலைக் கண்டறிந்து அடுத்த அறைக்கு ஒலி எழுப்பும் கைப்பட்டைகளும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இலேயே ஏற்றிருக்கிறது. நாயும் இருக்கட்டும், கருவியும் இருக்கட்டும்.

இரயில் விஷயத்தில் மட்டும் ஒரு சொல். நான் தினமும் தானேவுக்கு வண்டியில்தான் போகிறேன். தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்காமல் சுவரோடு ஒட்டிய இருக்கையில் அமர்ந்து, வண்டி முழுவதும் நின்றபின் எழுவேன். வாசலில் நிற்கவே மாட்டேன். கூட்டம் நெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவேன். இவற்றை ஒரு தோழியோடு அவள் செய்து பழகட்டும்.

பரேல் கால்நடை மருத்துவர் எழுதுகிறார்:

வணக்கம். உங்கள் மகளைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் கருப்பனுக்காகப் பேசுகிறேன்.

முழங்காலில் தலையை அழுத்துவதும் உணவை மறுப்பதும் அன்பின் அடையாளமாக இருக்கலாம், அச்சத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் அவன் காது பின்னால் படிந்திருக்கிறதா, வால் கால்களுக்கிடையே போகிறதா, மூச்சு வாங்குகிறதா, அடிக்கடி உதட்டை நக்குகிறானா, வலிப்பு முடிந்த பிறகு கட்டிலுக்கடியில் ஒளிகிறானா என்பதைக் கவனியுங்கள். வலிப்பு வந்தவரைக் கண்டு மிரண்டு ஓடிய நாய்களையும், கடித்த நாய்களையும், பயத்தில் உயிரிழந்த நாய்களையும் பற்றி இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பயந்த நாயிடம் எந்தப் பயிற்சியும் எடுபடாது. மூன்று வயது நாட்டு நாய்க்கு அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் மழைக்காலத்தில் கைவிடப்பட்ட குட்டி என்பதால் திடீர் சத்தத்துக்கு மிரளக்கூடும்.

அவன் அமைதியாக இருக்கிறான் என்றால், வீட்டிலேயே ஒன்றைப் பழக்கலாம். பேட்டரியில் இயங்கும் அழைப்பு மணியின் பொத்தானைத் தரையோரச் சுவரில் ஒட்டி, ஒலிப்பானை உங்கள் படுக்கையருகே வையுங்கள். முதல் வாரம் மூக்கால் பொத்தானைத் தொட்டால் தின்பண்டம் கொடுங்கள். பிறகு மகள் தரையில் படுத்துக் கைகால்களை இலேசாக ஆட்டி நடிக்கட்டும். அப்போது தொட்டால் மட்டும் கொடுங்கள். பொறுமையாகச் செய்தால் சில மாதங்களில் அது அவன் மனத்தில் பதிந்துவிடும். வெளிநாடுகளில் முறையாகத் தயாராகும் உதவி நாய்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் பழக்கப்படுகின்றன என்பதோடு ஒப்பிட்டால், மூன்று மாதச் சான்றிதழ் எத்தகையது என்பது உங்களுக்கே விளங்கும். அமெரிக்காவில் வலிப்பு வந்தவரைக் காக்கும் நாயைச் சட்டம் சேவை நாயாகவே கருதிப் பொது இடங்களில் அனுமதிக்கிறது. அங்கும் சட்டம் சான்றிதழைக் கேட்பதில்லை, நாய் செய்யும் வேலையைத்தான் கேட்கிறது. அந்தத் தாளைக் காட்டிக் குர்லா வண்டியில் கருப்பனை ஏற்றவும் முடியாது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. நெதர்லாந்தில் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 25 பேரை ஆய்வில் சேர்த்து, அவர்களுள் பெரும்பாலோருக்குப் பழக்கிய நாய்களைக் கொடுத்துத் தொடர்ந்து கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். வலிப்புகளின் எண்ணிக்கை சராசரியாக 31 விழுக்காடு குறைந்தது. இத்தனைக்கும் அந்த நாய்களின் பணி முன்னறிவிப்பு அன்று, வலிப்பை உணர்ந்து உதவுவதே. துணையிருக்கிறது என்ற நிம்மதியால் மன அழுத்தம் குறைவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

உங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் யாராவது லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாது என்றால், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைக் காட்டுங்கள்; நாய் வளர்ப்பதையோ லிஃப்ட் பயன்பாட்டையோ தடுக்கச் சொசைட்டிக்கு அதிகாரமில்லை. வெறிநாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட்டு, மாநகராட்சி உரிமத்தையும் வாங்கி வைத்திருங்கள்.

செம்பூர்த் தாய், ஏழு வாரங்களுக்குப் பின்:

பதில் எழுதிய மூவருக்கும் என் நன்றி. பயிற்சியாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நோட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். இந்த ஏழு வாரங்களில் மகளுக்கு 5 முறை வலிப்பு வந்தது. அவற்றில் 3 முறை கருப்பன் முன்னதாகத் தலையை அழுத்தினான். 2 முறை தூங்கிக்கொண்டிருந்தான். ஆனால் வலிப்பே வராமல் அவன் தலையை அழுத்திய நாள்கள் 14. அவற்றுள் பாதி, மாலை உலாவுக்குப் போகும் நேரத்திலும் இடி இடித்தபோதும் நடந்தவை. எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இந்தப் பதினான்கில் ஒன்றுகூட என் நினைவில் நின்றிருக்காது. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. என் மகள் வருந்தவில்லை. இரவில் அவன் மூக்கை மட்டுமே நம்பிப் படுக்க முடியாது என்பதை நான் சொல்லும் முன் அவளே சொன்னாள்.

இ.இ.ஜி. அறை ஐயா சொன்னதைக் கேட்டு, மாலை வேளைகளில் கைப்பேசியை அலமாரியில் நிறுத்தி வைத்துப் பதிவு செய்தோம். ஒரு வலிப்பு முழுவதும் அதில் பதிவாகியிருக்கிறது. பெருவலிப்புக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் முன்பிருந்தே அவள் இடது கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு தேய்ந்துகொண்டிருக்கிறது. கருப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மருத்துவர் அந்தப் பதிவை நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். காணொளி இ.இ.ஜி.க்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். மருந்தையும் மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

அறைக் கதவை இப்போது அவள் சாத்திக்கொள்கிறாள். தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டோம். அதற்கு அவளே ஒப்புக்கொண்டாள். கைப்பட்டை வாங்கியிருக்கிறோம். கருப்பன் மணியை அழுத்தக் கற்றுக்கொண்டான். கடைசியாக வந்த விடியற்கால வலிப்பின்போது கைப்பட்டை ஒலிப்பதற்கும் அவன் அழுத்துவதற்கும் ஏறத்தாழ ஒரே நேரமாக இருந்தது. ஆனால் மருத்துவரம்மா, அவன் இப்போது நாள்தோறும் பதினொரு மணிக்குப் பிஸ்கட்டுக்காகவும் அதை அழுத்துகிறான். நானும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறி ஓடுகிறேன். இதை எப்படி நிறுத்துவது?

பரேல் கால்நடை மருத்துவர் எழுதுகிறார்:

ஓடுங்கள், ஆனால் அவனைப் பார்க்காமல் மகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். திட்டவும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். திட்டினால் உண்மையான நேரத்திலும் தொடத் தயங்குவான். அதே நேரத்தில் மகள் படுத்து நடிக்கும் பயிற்சியை நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நேரத்தில் தொடருங்கள். தின்பண்டம் அப்போது மட்டுமே கிடைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் குறையும். பதினொரு மணி பிஸ்கட்டை வழக்கமாகக் கொடுப்பவர் வீட்டில் யாராவது இருந்தால், அவரிடமும் சொல்லி வையுங்கள்.